அரைச் சுற்று

காய்ந்த பனியில் நடந்தால் இரண்டு காலும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும். நறுக், நறுக் என்று, யாரோ பக்கத்திலேயே முட்டைக்கோஸ் அரிந்துகொண்டு வருகிற மாதிரி. டிசம்பர் மாதத்து அந்தச் சாயங்காலம், நாலரைக்கே இருட்டிக் கிடந்த தெருவில், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த ரிம்மா அர்க்காதியேவ்னாவின் காதில் விழுந்தது அப்படி இல்லை. வலது கால் நறுக்கென்றது. இடது கால் கொஞ்சம் முந்திக்கொண்டு, கொஞ்சம் அழுத்தி, நொறுக்கென்றது. நின்றாள். சத்தமும் நின்றது. நடந்தாள். நறுக், நொறுக். நறுக், நொறுக். தோபோல் ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் கொதிகலன் வீட்டின் கரிப்புகை நாறியது. பின்னால் யாரும் இல்லை, முன்னாலும் யாரும் இல்லை. நடை அவளுடையதுதான். ஆனாலும் வேறு யாரோ அவளோடு சேர்ந்து நடக்கிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பூட்ஸின் குதி தேய்ந்திருக்கும், வேறென்ன என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் செருப்புத் தைக்கும் அஷோத், பூட்ஸ் இரண்டையும் வாங்கி விளக்குக்கு அடியில் ஜோடி சேர்த்து நிறுத்திப் பார்த்தார்.

"ரெண்டும் கூடப் பொறந்த மாதிரி சமமா இருக்கு டாக்டரம்மா. நூலளவுகூட வித்தியாசம் இல்ல."

"அப்புறம் ஏன் நான் சாஞ்சு நடக்கிறேன்?"

"குத்தம் பூட்ஸ்ல இல்லைன்னா, பூட்ஸுக்குள்ள போறதுலதான் இருக்கணும்." அவருக்கு வாய் அதிகம். "இந்த ஊர்ல கால் ரெண்டும் ஒத்துப்போறவங்க எத்தனை பேரு? குட்டைக் காலோட ரயில்ல வந்து எறங்குறாங்க, நெட்டைக் காலோட ஏறிப் போறாங்க. உங்க ஆஸ்பத்திரி புண்ணியத்துலதான் என் அடுப்பு எரியுது. இப்ப நீங்களே வாடிக்கையா வந்துட்டீங்க, போங்க!"

வலது பூட்ஸுக்குள் ஒரு தோல் துண்டை வெட்டிப் போட்டுக் கொடுத்தார். அதோடு நடந்தபோது சத்தம் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதுதான் ரிம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வீட்டில் அவள் மட்டும்தான். கணவன் பிரிந்துபோய் நாளாகிவிட்டது. ஐந்தாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, நடுவில் டெலிபோன் இருக்கும் ஒடுக்கமான நடை. பெல்மேனி என்கிற இறைச்சிக் கொழுக்கட்டையை வேகப் போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றாள். கொதிக்கிற மாவின் வாசனைக்கு நடுவே வேறு ஒரு வாசனை, ஸ்பிரிட்டும் சீழும் கலந்தது, மெல்ல மூக்கில் ஏறியது. கையை முகர்ந்தாள். கையில் சோப்பு வாசனைதான். சுவர் ரேடியோ ஆறு மணி அடித்தது.

க்ரிக்.

சூடேறும் குழாய் சத்தம் போடும்தான். குளிர்காலத்தில் அந்தக் கட்டடத்துக் குழாய்கள் இருமும், முக்கும், பேசும். ஆனால் இந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. மரைத்தண்டின் மேல் நட்டு திரும்புகிற சத்தம் இது. வருடக்கணக்கில் மருத்துவமனையில் தன் கையாலேயே திருப்பிக் கேட்ட சத்தம். அது கேட்ட அதே நொடியில் இடது முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கு உள்ளே, ஈரத்துணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு வலி. அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி போய்விட்டது. பெல்மேனி பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

*

அந்த ஊர் மருத்துவமனையில் எலும்பை நீட்டுவார்கள். காலெலும்பை அறுத்து, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டி, வளையத்திலிருந்து எலும்புக்குள் கம்பிகள் குத்தி, வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே மரைத்தண்டுகளைப் பொருத்துவார்கள். அந்தத் தண்டுகளின் நட்டைக் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நடுராத்திரி என்று நாலு தடவை, தடவைக்குக் கால்வாசிச் சுற்று திருப்ப வேண்டும். அறுத்த இடம் மெல்ல மெல்ல விலகும், விலகின இடத்தில் புது எலும்பு ஊறி இறுகும். கால்வாசிச் சுற்றுக்கு மேல் யாரும் போகக் கூடாது. தரை துடைக்கிறவர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது.

ரிம்மாவுக்கு அரைச் சுற்றின் மேல் ஆசை. பாதி நாளில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம், மாஸ்கோவே திரும்பிப் பார்க்கும், வசந்தத்தில் முனைவர் பட்டம், அடுத்து ஆய்வுக்கூடத் தலைமை. ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஆனால் ஆசைப்பட்டது இவள், வலித்தது நாய்களுக்கு. அரைச் சுற்றைச் சோதிக்க எடுத்த நாலு நாய்களில் மூன்று நொண்டிக்கொண்டாவது ஓடின. நாலாவது, தெருவில் பிடித்து வந்த சாம்பல் நிறப் பெட்டை. காலில் மாட்டிய அந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றுகிற வரைக்கும் நாய்களுக்குப் பெயர் வைப்பதில்லை அங்கே, நம்பர்தான். நாய்க்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபைனா அத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் அதைத் துச்கா என்று கூப்பிடுவாள். குட்டி மேகம் என்று அர்த்தம்.

துச்காவுக்கு முதலில் குதிகால் தரைக்கு வர மறுத்தது. தசை நீளவில்லை, எலும்பு மட்டும் நீண்டது. ஆட்டக்காரி மாதிரி நகநுனியில் நின்றது. பிறகு முட்டி விறைத்தது. கம்பி நுழைந்த துளைகளில் சீழ் கட்டியது. பிறகு நரம்பு இழுபட்டுப் பாதம் செத்தது. ஒரு நாள் காலையில் ரிம்மா போய்ப் பார்த்தபோது துச்கா தன் பாதத்தைத் தானே தின்றுகொண்டிருந்தது. வலி தெரியாததால் அது தன்னுடையது என்றே அதற்குத் தெரியவில்லை. ரிம்மாவைப் பார்த்ததும் வாலை ஆட்டியது, வாயெல்லாம் ரத்தம். அன்றைக்கும் ரிம்மா அரைச் சுற்று திருப்பினாள். ஆமாம், திருப்பினாள்.

சோதனையைப் பார்வையிட மாஸ்கோ குழு வருவதற்கு முந்தின நாள், கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தானே ஊசி போட்டாள். சாக்கில் கட்டி, கொதிகலன் வீட்டு அடுப்பில் தள்ளினாள். சட்டம் கழற்றிய நாய்களை ஊழியர் வீடுகளுக்கு வளர்க்கக் கொடுப்பது அங்கே வழக்கம். ஊரில் பாதி நாய்கள் ஒரு கால் நெட்டையாகத்தான் திரியும். துச்காவையும் நல்ல வீட்டுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டாள். குழு மற்ற மூன்றைப் பார்த்தது, கைதட்டியது, மனிதர்களுக்கும் அரைச் சுற்று திருப்ப அனுமதி கொடுத்தது.

துச்காவின் வளையங்கள் சின்னவை, மனிதருக்கு ஆகாது. தண்டுக்கும் நட்டுக்கும்தான் எப்போதும் தட்டுப்பாடு. ரிம்மா அவற்றைக் கொதிக்க வைத்து, துடைத்து, வார்டுக்குப் போகும் தட்டில் போட்டாள். கழுவினால் இரும்பு இரும்புதானே?

*

பெல்மேனி பொங்கி வழிந்த மறுநாள், மருத்துவமனை முற்றத்தைக் கடக்கும்போது ஃபைனா அத்தை வழிமறித்தாள். கையில் கஞ்சி வாளி, தலையில் கம்பளிச் சால்வை.

"ரிம்மா அர்க்காதியேவ்னா, என் சாம்பக்குட்டியை யார் வீட்டுக்குக் குடுத்தீங்க?"

"ரயில்வேக்காரர் ஒருத்தருக்கு. எத்தனை தடவை சொல்றது?"

"எந்தத் தெருவுன்னு சொல்லலையே. ஞாயித்துக்கிழமை ரெண்டு எலும்பு கொண்டுபோய்ப் போட்டுட்டு வரலாம்னு பாக்குறேன்."

"ஊர் மாறிப் போயிட்டாங்க அத்தை."

"அட, அதுக்குள்ளயா?" ஃபைனா அத்தை வாளியைக் கீழே வைத்தாள். அவள் கண் ரிம்மாவின் காலுக்கு இறங்கியது. "நீங்க ஏன் நுனிக்கால்ல நடக்குறீங்க?"

"பனி வழுக்குது."

"வழுக்கினா யாராவது நுனிக்கால்ல நடப்பாங்களா?"

ரிம்மா வாளியைச் சுற்றிக்கொண்டு நாய்க்கூடத்துக்குள் போனாள். கூடத்துக்குள் நாய்கள் எப்போதும் அவள் வாசனைக்கே குரைத்துத் தள்ளும். அன்றைக்கு ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு மணிக்கு வார்டில் இருந்தாள். முதல் கட்டிலில் ஸவுலே, கஸாக் புல்வெளியிலிருந்து அம்மாவோடு வந்த பதினைந்து வயதுப் பெண். சின்ன வயதில் எலும்பில் சீழ் பிடித்து ஒரு கால் குட்டை. ரிம்மாவின் அரைச் சுற்று வேகத்தில் சேர்த்த முதல் மனிதக் கால் அதுதான். நட்டு திருப்ப ஆரம்பித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நர்ஸ் வெனேரா ஸ்பேனரை எடுத்தாள்.

"வலிக்குதாடி ராணி?"

"இல்லவே இல்ல அக்கா. சில சமயம் மறந்தே போயிடறேன்." ஸவுலே உலர்ந்த தயிர்க்கட்டியைக் கடித்தபடி சிரித்தாள். "டாக்டர் அக்கா, ஆடற அளவுக்கு நீளுமா?"

வெனேரா நட்டில் ஸ்பேனரைப் பொருத்தித் திருப்பினாள்.

க்ரிக்.

ரிம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தது. ஸவுலேயின் காலில் இல்லை, இவள் காலில். இவள் எலும்புக்குள். வெனேரா அடுத்த நட்டுக்குப் போனாள். க்ரிக். மறுபடியும். மூன்றாவது நட்டு. ஸவுலே தயிர்க்கட்டியைச் சுகமாகச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"ரிம்மா அர்க்காதியேவ்னா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சே. உட்காருங்க."

"சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்ப வேண்டாம்." வார்த்தை தானாக வந்துவிட்டது.

வெனேரா நிமிர்ந்தாள். "ஏன்? ஏதாவது கெட்டுப்போச்சா? துறைப் பெரியவர் கேப்பாரே, நான் என்ன சொல்றது?"

என்ன சொல்வது? நாய் ஒன்று தன் பாதத்தைத் தின்றது, அதைச் சாக்கில் கட்டி எரித்தேன், அதன் இரும்பைத்தான் இந்தப் பெண்ணுக்குப் போட்டேன் என்று சொல்வதா? வசந்தம் வர இன்னும் மூன்றே மாதம். ஒரு வாய்ச்சொல்லில் எல்லாம் போகும். வேலை போகும், பட்டம் போகும், ஜெயில்கூட வரலாம்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "திருப்பு."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கட்டிலில் படுத்து, தலையணையைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சொன்ன நேரத்துக்கு வந்தது. வலி போன பிறகு விளக்கைப் போட்டு, இரண்டு காலையும் சேர்த்து நீட்டிப் பார்த்தாள். இடது பாதம் வலதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது, குதிகால் மடங்காமல், விரல்கள் சுவரைக் குறிபார்த்தபடி. முழங்காலுக்குக் கீழே விரலால் தடவினாள். தோல் முழுசாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. ஆனால் எலும்பின் நடுவே ஓரிடத்தில் விரல் உள்ளே அமுங்கியது. பச்சைக் குழந்தையின் உச்சந்தலை மாதிரி மெத்தென்று. அது துடித்தது.

கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். மருத்துவம் படித்தவள், ஆயிரம் கால்களைத் திறந்து பார்த்தவள், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள்.

காலையில் எழுந்தபோது வாயில் உப்புக் கரித்தது. பல் ஈறில் ரத்தம் வந்திருக்கும் என்று கண்ணாடியில் பார்த்தாள். ஈறு நன்றாகத்தான் இருந்தது. பல்லிடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது. எடுத்து விளக்கில் பார்த்தாள். தோல். வெள்ளையாக, ஓரம் சுருண்டு.

அப்புறம்தான் காலைப் பார்க்கத் தோன்றியது. போர்வையின் அடிப்பக்கம் சிவப்பாக விறைத்துக் கிடந்தது. இடது காலின் கடைசி இரண்டு விரல்களிலும் நகம் இல்லை.

துளிகூட வலிக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

*

துறைத் தலைவர் லெவ் சவேலியெவிச் நல்ல மனிதர். ஆள் பருமன், குரலும் அப்படியே. ரிம்மா கட்டுப் போட்ட காலை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் ஒரு எக்ஸ்ரே படத்தை ஒளிப்பெட்டியில் செருகினார். ஸவுலேயின் கால். அறுத்த கோடு மயிரிழை மாதிரித் தெரிந்தது. அதற்கு மேலும் கீழும் எலும்பு ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாருங்க. விலகவே இல்ல. இத்தனை நாள் திருப்பியிருக்கு, நட்டு தண்டுல இத்தனை தூரம் நகந்திருக்கு. கால் மட்டும் அப்படியே நிக்குது! இந்த நீளமெல்லாம் எங்கதான் போச்சு?"

எங்கே போயிற்று என்று ரிம்மாவுக்குத் தெரியும். மேஜைக்கு அடியில் அது இருந்தது.

"சீக்கிரமே ஒட்டிக்கிச்சு போல," என்றாள்.

"அப்படித்தான் நானும் நெனைக்கிறேன். இன்னும் வேகமாத் திருப்பினா ஒட்டினது விட்டுடும்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நேருக்கு நேர் உட்கார்ந்தார். "ரிம்மா அர்க்காதியேவ்னா, இது ஒரு சின்னப் பொண்ணு. அதனால வெளிப்படையாக் கேக்குறேன், வெளிப்படையாச் சொல்லுங்க. உங்க நாய்ங்கள்ல ஒண்ணுக்காவது பாதம் மரத்துச்சா? புண்ணு, கடிச்சுக்கறது, அந்த மாதிரி ஏதாவது? ஒண்ணே ஒண்ணுக்கு ஆகியிருந்தாலும் இந்த நிமிஷமே நிறுத்திடலாம். யாரும் உங்களைத் திட்டப் போறதில்ல. நான் இருக்கேன்."

இதைவிட என்ன வேண்டும் ஒருத்திக்கு? கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வா என்று கூப்பிடுகிறார் மனிதர். உண்மை ரிம்மாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய படம் கண்ணில் பட்டது. மாஸ்கோ குழுவோடு எடுத்தது. நடுவில் ரிம்மா, கையில் பூங்கொத்து.

"ஒண்ணுக்கும் ஆகல," என்றாள். "எல்லாம் நல்லாத் தாங்கிச்சு."

"சத்தியமா?"

"நாலும் நல்லா ஓடுது, லெவ் சவேலியெவிச்."

அவர் மூச்சு விட்டுச் சிரித்தார். "அப்பாடா. அப்ப இன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து எலும்பு விடற வரைக்கும் திருப்பச் சொல்லிடறேன். நான் நாலு மணி ரயில்ல ஊருக்குப் போறேன். ஏதாவதுன்னா நிறுத்தற அதிகாரம் உங்களுக்குத்தான். வெனேராவும் உங்களைத்தான் கேப்பா."

*

வீட்டுக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. இடது கால் முந்தியது, வலது கால் ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது. மாடிப்படி முழுக்கக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஏறினாள். பூட்ஸைக் கழற்ற முடியாமல் கத்தியால் கிழித்தாள். கட்டுக்குள் இப்போது எத்தனை விரல் இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

விளக்குப் போடவில்லை. நடையில், டெலிபோனுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சீழ் வாசனை இப்போது ஒளிந்து விளையாடவில்லை. நாய்க்கூடத்தில் வருவதுபோல நேராகவே வந்தது, ஈர ரோமமும் ஸ்பிரிட்டும் எரிந்த முடியுமாக. குழாய்கள் மௌனமாக இருந்தன. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். உலகம் தன் பாட்டுக்கு இயங்கியது, ஒருவருக்கும் இவள் கதி தெரியாது.

ஆறு மணி ஆவதற்குள் சொல்லிவிட வேண்டும். பட்டம் போகட்டும். ஜெயில் வரட்டும். வேண்டாம், எதுவும் வேண்டாம், கால் நின்றால் போதும். ஸவுலேயைப் பற்றி அப்போதும் அவள் நினைக்கவில்லை.

கையை உயர்த்தி ரிசீவரை எடுக்கப் போனாள். அதற்குள் மணி அடித்தது.

"ரிம்மா அர்க்காதியேவ்னா? நான்தான், வெனேரா." வார்டு இரைச்சல் பின்னால் கேட்டது. "பெரியவர் எலும்பு விடற வரைக்கும் திருப்பச் சொல்லியிருக்கார். எனக்கு என்னமோ பயமா இருக்கு. வழக்கத்துல இல்லாததா இருக்கே. ஸவுலே சிரிச்சுக்கிட்டேதான் இருக்கா, வலியே இல்லைங்கறா. இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். நிறுத்துன்னு சொன்னா இப்பவே ஸ்பேனரைக் கீழ வெச்சுடறேன்."

நிறுத்து, என்றாள் ரிம்மா.

நாக்கு சரியாகத்தான் புரண்டது. உதடு சரியாகத்தான் குவிந்தது. வெளியே வந்தது வேறு. மெல்லிய, மூக்கு வழியான, நீளமான முனகல்.

"ஹலோ?"

நிறுத்து. நிறுத்து வெனேரா. நான்தான் கொன்னேன். நிறுத்து.

முனகல். அதன் வால்நுனியில் ஒரு கேவல்.

"அடடே, நாய் வளக்குறீங்களா?" வெனேரா சிரித்துவிட்டாள். "சொல்லவே இல்லையே! ஐயோ பாவம், என்னமா அழுவுது. எங்கயோ அடிபட்டிருக்கும் போல, காலைப் பாருங்க. டாக்டர் அம்மா எங்கடா குட்டி? பக்கத்துல இல்லையா?"

ரிம்மா இரண்டு கையாலும் வாயைப் பிடித்து, தாடையை அழுத்தி, வார்த்தையை உருட்டித் தள்ளப் பார்த்தாள். கடைவாயில் எச்சில் வழிந்தது. முனகல் ஊளையாயிற்று.

"லைன்ல யாருமே இல்ல போலிருக்கே," என்று வெனேரா யாரிடமோ சொன்னாள். "சரி, பெரியவர் சொன்னது சொன்னதுதான். மணி ஆயிடுச்சு. ஆரம்பிச்சுடறேன்."

ரிசீவரை வைக்கவில்லை அவள். மேஜையில் வைத்த சத்தம் கேட்டது. ஸவுலே எதற்கோ கலகலவென்று சிரித்தாள்.

க்ரிக்.

கால் நகர்ந்தது.

க்ரிக். க்ரிக்.

கண்ணெதிரே நகர்ந்தது. இருட்டில் வெளுப்பாக, தரையோடு தேய்ந்துகொண்டு, வாசல் கதவை நோக்கி.

"இன்னும் விடலையே," என்றது ரிசீவர். "இன்னும் கொஞ்சம்."

க்ரிக்.

தோல் பளபளவென்று இறுகியது. கிழியவில்லை. பாதம் குடைராட்டினம் மாதிரி ஒருமுறை உள்பக்கம் திரும்பி நின்றது. கட்டு அவிழ்ந்து வழியில் கிடந்தது. பாதம் கதவைத் தொட்டு, மடங்கி, சுவரோரமாகத் திரும்பி அவளை நோக்கி வர ஆரம்பித்தது.

வலி போய்விட்டது.

முழுவதும் போய்விட்டது. என்ன நிம்மதி! ரிம்மா தலையைத் தாழ்த்தினாள். ரத்தவாசனை பக்கத்தில். சூடாக. ஏதோ ஒன்று தன்முன் கிடக்கிறது, ஐந்து நுனிகளோடு, இல்லை, மூன்று. யாருடையதோ. கேட்பாரற்றது.

"அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியல," என்றாள் ஸவுலே, தூரத்தில்.

க்ரிக்.

ரிம்மா அதை முகர்ந்தாள். முன்னங்கையால் அமுக்கிப் பிடித்தாள்.

கடித்தாள்.